நாய் வளர்ப்போரின் கடமையும் சரணாலயத்தின் பயனும்

(வல்வெட்டித்துறையையும் அயற்கிராமங்களையும் சேர்ந்த கமக்காரருக்கு)

கமக்காரரே,

நெல்லுக்கு எருவிடும் முறையையும் கத்தரியைத் தாக்கும் பூச்சியையும் பற்றி எழுதிவரும் விவசாயத் திணைக்களம், இம்முறை நாயைப் பற்றி எழுதுவது ஏன் என்று நீங்கள் வினவக்கூடும். விடை உங்கள் வளவிலேயே இருக்கின்றது. இரவிலே தோட்டத்தைக் காப்பது நாய். நாற்றுமேடையை மிதித்து அழிப்பதும் நாய். ஆட்டுக்கொட்டிலின் வாயிலிற் படுத்துக் காவல் செய்வது நாய். அக்கொட்டிலினுட் புகுந்து குட்டிகளைக் குதறுவதும் நாய். காவல் செய்யும் நாய்க்கு உடையவர் ஒருவர் உண்டு. அழிவு செய்யும் நாய்க்குப் பெரும்பாலும் உடையவர் எவரும் இலர். இவ்வேறுபாடு எவ்வாறு உண்டாகின்றது என்பதையும், அதனை நீக்க நாம் செய்யத்தக்கவை யாவை என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஒரு பசுவின் மரணம்

சில ஆண்டுகளுக்கு முன், ஆவணி மாதத்தில், வடமராட்சியிலுள்ள ஒரு கிராமத்துக்குக் கத்தரித் தோட்டமொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். தோட்டக்காரர் என்னை வரவேற்றபோதிலும் அவருடைய கவனம் பயிரில் இருக்கவில்லை. கொட்டிலில் நின்ற அவருடைய கறவைப்பசு முதல்நாள் தொடக்கம் தீன் தின்னவில்லை. வாயிலிருந்து நூல்நூலாக எச்சில் வடிந்துகொண்டிருந்தது. கரகரத்த குரலில் இடைவிடாது கத்தியது. பின்னங்கால்கள் தளர்ந்து ஆடின.

“பனங்கொட்டை தொண்டையிற் சிக்கிவிட்டது, தம்பி. கையைவிட்டு எடுத்துவிட்டாற் சரி” என்று கூறிக்கொண்டே அவர் சட்டைக்கையை மடித்தார். பனம்பழம் விழும் காலமாதலால் அவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் அவரைத் தடுத்து, “பொறுங்கள் ஐயா. இந்தப் பசுவை அண்மையில் நாய் ஏதும் கடித்ததா?” என்று கேட்டேன். சற்று யோசித்தபின், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு முன் கிணற்றடியில் ஒரு நாய் அதன் மூஞ்சியிற் கடித்ததென்றும், காயம் சிறியதாகையால் மஞ்சள் பூசி விட்டதென்றும் சொன்னார்.

மிருக வைத்தியர் வந்து பார்த்துப் பசுவைத் தனியே கட்டச் செய்தார். நான்காம் நாள் அது இறந்தது. பரிசோதனையில் விசர்நோய் என்பது உறுதியாயிற்று. பசுவின் எச்சில் கையிற் பட்டிருந்த வீட்டார் யாவரும் வைத்தியசாலைக்குச் சென்று தடுப்பூசி ஏற்றிக்கொண்டனர். அவர்களுள் எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் இரண்டாம் ஈற்றுப் பசு போயிற்று. அந்த வீட்டின் நாளாந்தப் பால்வருமானமும் அதனோடு போயிற்று. அன்று அவர் கையை வாயினுள் விட்டிருந்தால் போயிருக்கக்கூடியது எது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

அந்த நாய் யாருடையது என்று ஊரில் விசாரித்தோம். ஒருவரும் தம்முடையது என்று சொல்லவில்லை. ஆயினும் அது பல வீடுகளிற் சோறு தின்ற நாய். சிறுவர் அதற்குப் பெயரும் வைத்திருந்தனர். ஊரெல்லாம் அதற்கு உணவிட்டது. ஊசி ஏற்றுவதற்கு மட்டும் ஒருவரும் இருக்கவில்லை.

2. கட்டாக்காலி நாய் எங்கிருந்து வருகின்றது?

தெருவிலே திரியும் நாய் தெருவிலேயே தோன்றியதென்று நாம் எண்ணுகின்றோம். அதன் தாயையோ தாயின் தாயையோ தேடிச்சென்றால் ஏதோ ஒரு வீட்டுப் படலையில் அத்தேடல் முடியும். அது தெருவுக்கு வரும் வழிகள் சிலவே.

முதலாவது, குட்டிகளை விடுதல். பெட்டை நாய் ஈன்றதும் கடுவன் குட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சாக்கிலோ பெட்டியிலோ இட்டுச் சந்தையடியிலும், கடற்கரையிலும், கோயில் வாசலிலும் விடுவது நம்மிடையே நெடுங்கால வழக்கம். வைரவர் கோயிலடியில் விட்டால் பாவமில்லை என்று கருதுவாரும் உளர். நாயை வைரவரின் வாகனமென்று வணங்கும் நாம், கண் திறந்து சில நாட்களேயான குட்டியை அவர் வாசலில் மழையிற் போட்டு வருதல் எவ்வகையிற் பொருந்தும்? அவற்றுட் பெரும்பாலானவை இறக்கும். பிழைத்தவை கூட்டமாகச் சேரும்.

இரண்டாவது, வீடு பூட்டப்படுதல். 1987ஆம் ஆண்டுப் போர் நடவடிக்கையின்போதும் அதன் பின்னர் நேர்ந்த இடப்பெயர்வுகளின்போதும் வடமராட்சி மக்கள் உயிரொன்றையே கையிற் கொண்டு சென்றனர். வீட்டு நாய்கள் பின்தங்கின. அது எவருடைய குற்றமுமன்று. ஆனால் இக்காலத்தில் வெளிநாடு செல்வோரும் கொழும்புக்குக் குடிபெயர்வோரும் பல நாள் முன்பே பயணத்தை அறிவர். வீட்டுச் சாவியை உறவினரிடம் ஒப்படைப்பது போல நாயையும் ஒருவரிடம் ஒப்படைக்க அவர்களுக்கு அவகாசம் உண்டு.

மூன்றாவது, கட்டாமல் வளர்த்தல். பகலெல்லாம் நாய் எங்கே திரிகின்றது என்று அறியாதவரின் நாயும் பாதி கட்டாக்காலியே. பருவத்திலுள்ள பெட்டை நாயைத் தேடி ஊரிலுள்ள கடுவன்களெல்லாம் கூடும். மார்கழியில் இக்கூட்டங்கள் வெங்காயப் பாத்திகளையும் வயல் வரம்புகளையும் உழக்கிச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

நான்காவது, திறந்த குப்பை. உணவில்லாத இடத்தில் நாய் பெருகாது. மீன் துப்புரவு செய்யும் கரையிற் கிடக்கும் கழிவும், இறைச்சிக் கழிவும், கலியாண வீட்டு எச்சிலிலையும், சந்தைக் குப்பையும் நாய்க்கூட்டத்தைப் பேணும் தீன்களாகும்.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். பெட்டை நாய் பொதுவாக ஆண்டில் இருமுறை பருவத்துக்கு வரும். ஈற்றொன்றுக்கு நான்கு குட்டிகள் என்று வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் எட்டுக் குட்டிகள். அவற்றுட் பெட்டைகள் ஓராண்டு நிறையுமுன்பே சினைப்படலாம். கோரை பூத்து விதை சிந்துமுன் களையவேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இங்கும் அதுவே விதி.

3. விசர்நோயைப் பற்றி அறியவேண்டியவை

விசர்நோய் ஒரு வைரசுக் கிருமியால் உண்டாவது. நோயுற்ற பிராணியின் எச்சிலில் இக்கிருமி இருக்கும். கடியின் மூலமோ, கீறல் அல்லது காயத்தில் எச்சில் படுவதன் மூலமோ உடலிற் புகுந்து, நரம்பின் வழியே மூளையை நோக்கிச் செல்லும். கடிபட்ட நாளுக்கும் நோய் தோன்றும் நாளுக்கும் இடையில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் செல்லும். சிலரில் ஒரு வாரத்திலும், சிலரில் ஓராண்டு கடந்தும் தோன்றுவதுண்டு. முகத்திலும் கையிலும் பட்ட கடி மிகவும் ஆபத்தானது.

அறிகுறி தோன்றிய பின் இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் கடிபட்டவுடன் முறைப்படி சிகிச்சை பெற்றால் நோய் வராமற் தடுக்கலாம். இவ்விரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும். பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டில் நாய்க்கடியுற்ற ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இத்தடுப்பு மருந்தை ஏற்றினார். அவர் மறைந்த தினமாகிய செப்டெம்பர் 28ஆம் திகதி இப்பொழுது உலக விசர்நோய்த் தடுப்புத் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.

இலங்கையில் இந்நோய்க்கெதிரான சட்டம் 1893ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. நெடுங்காலம், கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லுதலே முக்கிய வழியாகக் கொள்ளப்பட்டது. அவ்வாறு கொன்றும், 1973ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். அதன் பின்னர் நாய்களுக்குப் பெருந்தொகையாகத் தடுப்பூசி ஏற்றும் வேலை தொடங்கப்பட்டது. கடியுண்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சையும் வழங்கப்பட்டது. மரணங்கள் படிப்படியாகக் குறைந்து, அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு இருபது முப்பது என்னும் அளவுக்கு வந்துள்ளன. 2006ஆம் ஆண்டில் நாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டது. மீண்டும் மரணங்கள் பெருகவில்லை.

இதன் காரணத்தைக் கமக்காரர் எளிதில் விளங்கிக்கொள்வர். ஒரு தெருவிலுள்ள பத்து நாய்களைக் கொன்றால் அங்குள்ள குப்பையும் எச்சிலும் அப்படியே இருக்கும்; அவற்றைத் தேடி அடுத்த தெருவிலிருந்து ஊசி ஏற்றாத பத்து நாய்கள் வரும். ஊசி ஏற்றிய பத்து நாய்கள் அங்கேயே இருந்தால் அவை பிற நாய்களை உள்ளே விடா. ஓர் ஊரிலுள்ள நாய்களுள் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெற்றிருந்தால் அவ்வூரில் நோய் பரவும் சங்கிலி அறுந்துபோகும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

4. சரணாலயம் என்பது யாது?

உடையவரற்ற நாய்களையும், நோயுற்றவற்றையும், விபத்திற் காலிழந்தவற்றையும் ஏற்றுப் பேணும் இடமே சரணாலயம். வடபகுதியில் இப்பணிக்காகச் சிவபூமி அறக்கட்டளையினர், யானையிறவுக்கு வடக்கேயுள்ள இயக்கச்சியில் நாய்கள் சரணாலயம் ஒன்றை நிறுவியுள்ளனர். கடலுக்கு அக்கரையில், சென்னையில் 1959ஆம் ஆண்டில் நீலச்சிலுவைச் சங்கம் தோன்றியது. நாய்களைப் பிடித்துக் கொல்வதை விட்டு, கருத்தடை செய்து, ஊசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே விடும் முறையை அச்சங்கத்தார் பல ஆண்டுகளாக வற்புறுத்தினர். 1996ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி அம்முறையை மேற்கொண்டது.

நன்கு நடக்கும் சரணாலயத்தில் வேலை ஓர் ஒழுங்கில் நடைபெறும். புதிதாக வரும் நாய் முதலிற் பிறவற்றோடு சேர்க்கப்படாமல் தனியே வைத்துக் கவனிக்கப்படும். பின் புழுமருந்தும் தடுப்பூசியும் கொடுக்கப்படும். உடல் தேறியதும் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்படும். குணம் நல்லதாயின் நாய் வேண்டுவோருக்கு வளர்க்கக் கொடுக்கப்படும். முதிர்ந்ததும் ஊனமுற்றதும் அங்கேயே வாழ்ந்து முடிக்கும்.

எனினும் சரணாலயம் எவ்வளவு பெரிதாயினும் அதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு நாய்க்கும் நாள்தோறும் உணவு வேண்டும், மருந்து வேண்டும், ஆள் வேண்டும். ஒருபுறத்தில் நாம் குட்டிகளை விட்டுக்கொண்டே இருக்க, மறுபுறத்தில் அங்குள்ளோர் ஏற்றுக்கொண்டே இருத்தல், வாய்க்காலை அடைக்காமல் வயலில் நிற்கும் வெள்ளத்தை இறைப்பது போலாகும். இடம் நிறைந்துவிட்டால், உண்மையில் உதவி வேண்டும் நாய்க்கு இடமில்லாது போய்விடும். ஆகவே, “வேண்டாத நாயைக் கொண்டுபோய் விட ஓர் இடம் கிடைத்தது” என்று எண்ணுவது சரணாலயத்தின் நோக்கத்தையே அழிப்பதாகும்.

கமக்காரர் இவ்விடங்களுக்குச் செய்யத்தக்க உதவிகள் பல. அரிசி ஆலையிற் பிரியும் குறுணல், தரம் பிரிக்கும்போது கழியும் பூசணி, கரட் முதலியன நாய்களின் உணவுக்கு உதவும். காய்ந்த வைக்கோல் படுக்கைக்கு உதவும். கொடுக்குமுன் என்ன வேண்டுமென்று கேட்டறிந்து கொடுங்கள். வெங்காயமும் உள்ளியும் கலந்த உணவை மட்டும் ஒருபோதும் அனுப்பாதீர்கள். அவை நாயின் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சாகும். வெங்காயம் பயிரிடும் நம் பகுதியார் இதனைச் சிறப்பாக அறிதல் வேண்டும். மேலும், புதிதாக நாய் வேண்டுவோர் விலை கொடுத்துச் சாதி நாய் தேடாமல், சரணாலயத்திலிருந்தோ, தெருவிலிருந்தோ ஒன்றைப் பொறுப்பேற்பது பேருதவி. நம் ஊர் நாய் நம் வெப்பத்துக்குப் பழகியது, சிறு தீனில் வாழ்வது, காவலுக்கும் குறைந்ததன்று.

5. நல்ல நாய் வளர்ப்பின் விதிகள்

(அ) உணவும் நீரும். நாளுக்கு இருமுறை, குறித்த நேரத்தில், வீட்டிலேயே உணவு கொடுங்கள். சோற்றுடன் அவித்த மீனோ முட்டையோ சேர்த்தல் நன்று. சமைத்த கோழியெலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்குமாதலால் கொடுத்தலாகாது. நிழலில் எப்பொழுதும் நல்ல நீர் வைக்கவேண்டும். வீட்டில் வயிறு நிறைந்த நாய் குப்பை தேடாது.

(ஆ) கட்டுதல். பகலிற் கட்டி, படலையை அடைத்தபின் இரவில் வளவினுள் அவிழ்த்துவிடுதல் காவலுக்கு ஏற்ற முறை. கயிறு இறுகிக் கழுத்தைப் புண்ணாக்காதவாறு பட்டி அணிவியுங்கள். எந்நேரமும் குறுங்கயிற்றிற் கட்டப்பட்ட நாய் சினங்கொண்டு கடிக்கும் குணம் பெறும். வேலியிலுள்ள ஓட்டைகளைக் கிடுகாலோ கம்பியாலோ அடையுங்கள்.

(இ) தடுப்பூசி. ஆறு வாரம் நிறைந்த குட்டிக்கு முதல் ஊசி ஏற்றலாம். இரண்டாம் ஊசி எப்பொழுது என்பதை மிருக வைத்தியர் கூறுவார். பின்னர் ஆண்டுதோறும் தவறாது ஏற்றவேண்டும். ஒருமுறை ஏற்றினால் ஆயுள் முழுவதும் காக்கும் என்று எண்ணுவது தவறு. ஊசி அட்டையை நெற்காணி உறுதியோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பூனைக்கும் ஊசி வேண்டும். பூனையாலும் இந்நோய் பரவும்.

(ஈ) கருத்தடை. ஆறு மாதமளவில், முதற் பருவத்துக்கு முன், மிருக வைத்தியரைக் கலந்து சத்திரசிகிச்சை செய்விப்பது சிறந்தது. “ஒருமுறையாவது ஈன்றால்தான் பெட்டைக்கு நல்லது” என்பது ஆதாரமற்ற நம்பிக்கை. கருத்தடை செய்த நாய் காவல் செய்யாது என்பதும் அவ்வாறே. அலைந்து திரிதல் குறைவதனால் அது வீட்டிலேயே நிற்கும். சிகிச்சையின் பின் ஏறத்தாழ பத்து நாள் ஈரமில்லாத இடத்திற் கட்டி, தையலை நக்காதவாறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

(உ) பதிவு. 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுச் சட்டத்தின்படி நாயை உள்ளூராட்சிச் சபையில் ஆண்டுதோறும் பதிவு செய்வது உடையவரின் கடமை. மாட்டுக்குக் குறி இருப்பதனாலேயே கட்டாக்காலியாகப் பிடிபட்டாலும் அதன் உடையவரை அறிகின்றோம். நாய்க்குப் பதிவும் கழுத்துப் பட்டியுமே குறி. நகரசபை எல்லைக்குள் வாழ்வோர் வல்வெட்டித்துறை நகரசபையிலும், புறத்தே வாழ்வோர் தத்தம் பிரதேச சபையிலும் விசாரியுங்கள்.

(ஊ) தோட்டத்திற் கவனிக்க வேண்டியவை. நாயின் மலத்தில் கொக்கிப்புழு, உருண்டைப்புழு முதலியவற்றின் முட்டைகள் இருக்கும். ஈரமான மணலில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலினுட் கொக்கிப்புழுவின் குடம்பி புகும். ஆகவே கீரைப் பாத்தியிலும் நாற்றுமேடையிலும் நாயை விடாதீர்கள். அதன் மலத்தை மரக்கறிக்கு இடும் கூட்டெருவிற் சேர்க்காமல் கிணற்றுக்குத் தொலைவில் ஆழப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் புழுமருந்து கொடுங்கள். கிருமிநாசினி தெளிக்கும் நாளில் நாயை வீட்டிற் கட்டுங்கள்; தெளிகருவி கழுவிய நீரை அது குடித்து இறந்த சம்பவங்கள் உண்டு.

6. நஞ்சு வைத்தல் தகாது

ஆடு போன துயரத்தில் சிலர் இறைச்சியில் நஞ்சு கலந்து வேலியோரம் வைக்கின்றனர். இது மூன்று வகையில் தவறானது. முதலாவது, 1907ஆம் ஆண்டு தொட்டே நம் நாட்டில் மிருகவதைத் தடைச் சட்டம் உண்டு. இரண்டாவது, அந்நஞ்சைத் தின்பது ஆட்டைக் கடித்த நாய் என்பது நிச்சயமில்லை. அயலவரின் காவல் நாயும், கோழியும், விளையாடும் குழந்தையும் அதற்கு இரையாகலாம். மூன்றாவது, குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகள் வழியே விரைவிற் கீழிறங்கிக் கிணற்றை அடையும். நாம் குடிப்பதும் பயிருக்கு இறைப்பதும் அந்நீரே. நஞ்சு தின்று இறந்த பிராணி கிணற்றருகே கிடந்து அழுகுதல் ஊருக்கே கேடு.

ஆட்டைக் காக்கத் தகுந்த வழி கொட்டிலைத் திருத்துவதே. நிலத்துக்கு மேல் உயர்த்திக் கட்டிய தளமும், நாய் நுழையாத நெருக்கமான வரிச்சும், இரவில் அடைக்கும் கதவும் இருந்தால் கூட்டமாக வரும் நாயும் திரும்பிப் போகும்.

7. கடிபட்டால் செய்யவேண்டியது

எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை நக்கினாலும் உடனே ஓடும் நீரில் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவுங்கள். தோட்டத்தில் நின்றால் நீரிறைக்கும் இயந்திரத்தின் குழாயடியிலேயே கழுவலாம். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள், எண்ணெய் ஆகியவற்றைப் பூசாதீர்கள். அன்றைக்கே ஊறணி வைத்தியசாலைக்கோ, மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ செல்லுங்கள். எத்தனை ஊசி, எந்தெந்த நாளில் என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். குறித்த நாளில் ஒன்றையேனும் தவறவிடுதல் கூடாது. அறுவடைக் காலம் என்றோ, நாற்று நடுகை என்றோ ஒத்திப்போடாதீர்கள். பார்வைபார்த்தலும் நூல் கட்டுதலும் மனத்துக்கு ஆறுதல் தரலாம். நரம்பின் வழியே செல்லும் கிருமியை அவை நிறுத்தா.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். இயன்றால் கட்டிவைத்து, வைத்தியர் கூறும் நாள்வரை, பொதுவாகப் பத்து முதல் பதினான்கு நாள், கவனியுங்கள். அது அக்காலத்தில் நலமாக இருக்கின்றதா, நோயுறுகின்றதா என்பதை அறிதல் வைத்தியருக்குப் பெரிதும் உதவும். இடையில் இறந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு உடனே அறிவியுங்கள். அதன் தலை கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்திற் பரிசோதிக்கப்படும். கீரி, நரி, மரநாய் ஆகியவை கடித்தாலும் இதே விதிகள் பொருந்தும்.

மாடு அல்லது ஆடு நாயாற் கடிபட்டால் அதன் காயத்தையும் அவ்வாறே, கையுறை அணிந்து, கழுவி மிருக வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். தீன் தின்னாமை, எச்சில் வடிதல், விழுங்க இயலாமை, குரல் மாறிக் கத்துதல், பின்னங்கால் தளர்தல் ஆகியவற்றைக் கண்டால் வாயினுட் கையை விடாதீர்கள். அதன் பாலைக் கறந்து பயன்படுத்தாதீர்கள். இறந்தால் இறைச்சியாக்காது ஆழப் புதையுங்கள்.

8. ஊராகச் சேர்ந்து செய்யத்தக்கவை

தனியொருவர் தம் நாய்க்கு ஊசி ஏற்றுதல் தம் வயல் வரம்பை மட்டும் கட்டுதல் போன்றது. அயல் வரம்பு உடைந்தால் நீர் இங்கும் வரும். ஆகவே ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம்.

முதலில், ஊரிலுள்ள நாய்களை எண்ணுங்கள். வீட்டு நாய் எத்தனை, உடையவரற்றது எத்தனை, பெட்டை எத்தனை என்று ஒரு கொப்பியிற் குறியுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இதனை மகிழ்ச்சியோடு செய்வர். தெரியாத நாயை அணுகாது, தொலைவில் நின்று எண்ணும்படி மட்டும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அத்தொகையோடு மிருக வைத்தியரையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும் அணுகி, ஊசி ஏற்றும் நாளொன்றைக் கேட்டுப் பெறுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன், ஆடி ஆவணி மாதங்களில் அந்நாள் அமைந்தால் யாவருக்கும் வசதி.

அடுத்து, உடையவரற்ற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பொறுப்பாளரை நியமியுங்கள். சோறிடுபவர் யாரோ அவரே அதற்குப் பொறுப்பாளர் என்பது நல்ல விதி. அந்த நாயை ஊசிக்குப் பிடித்துக் கொடுப்பதும், பெட்டையாயின் கருத்தடைக்கு அனுப்புவதும் அவர் கடன். செலவை அமைப்பின் பொதுநிதியிலிருந்தோ, ஊரவர் சிலரின் உதவியிலிருந்தோ கொடுக்கலாம். பிறந்த ஊரை மறவாத வெளிநாட்டு உறவினரிடமும் கேட்கலாம். கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கும் அவர்கள் இதற்கும் கொடுக்கப் பின்னிற்கமாட்டார்கள்.

மூன்றாவது, குப்பையை மூடுங்கள். மீன் கழிவை மண்ணுட் புதைத்து எருவாக்கினால் நாய்க்கூட்டம் குறைவதோடு தென்னைக்கும் வாழைக்கும் நல்ல ஊட்டமும் கிடைக்கும்.

9. நினைவில் வைக்கவேண்டியவை

நாயை ஏற்பது அதன் ஆயுள் முழுவதற்கும் ஏற்பதாகும். அது பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடியது. ஆண்டுதோறும் ஊசி. பெட்டைக்குக் கருத்தடை. பகலிற் கட்டு, இரவிற் காவல். குட்டியைத் தெருவில் விடுதல் இல்லை. நஞ்சு இல்லை. கடிபட்டால் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலை. சரணாலயம் ஆதரவற்ற நாய்க்குரிய இடம். ஆதரவுள்ள நாயை அங்கு அனுப்பி ஆதரவற்றதாக்காதீர்கள்.

10. கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் ஆராய்வதற்கு

(1) உங்கள் ஒழுங்கையில் எத்தனை நாய்கள் உள்ளன? அவற்றுள் எத்தனைக்கு இவ்வாண்டு ஊசி ஏற்றப்பட்டது?

(2) சென்ற ஆண்டில் நாயால் இழந்த ஆடு, கோழி, கன்று எத்தனை? அவற்றின் பெறுமதி என்ன? அத்தொகையில் எத்தனை பெட்டை நாய்களுக்குக் கருத்தடை செய்வித்திருக்கலாம்?

(3) ஊரில் நாய்கள் கூடும் குப்பை இடங்கள் எவை? அவற்றை மூடும் பொறுப்பை ஏற்பவர் யார்?

(4) உங்கள் படலைக்கு நாள்தோறும் வந்து சோறு தின்னும் நாய்க்கு உடையவர் யார்? ஒருவருமில்லை எனின், அடுத்த கூட்டத்துக்கு முன் அவ்விடத்தில் உங்கள் பெயரை எழுதுவீர்களா?